எந்தச் செந்தில்குமார்?

ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கும்போது, நமக்கு வேண்டிய ஆளின் தொழில் பதிவைச் சரியாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். பதில்களில் வரும் செந்தில்குமாரும் கயல்விழியும் உதாரணத்துக்கு வருகிறவர்கள்தான்.


அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரின் படிப்பைச் சரிபார்க்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் செந்தில்குமார் என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. இதில் எங்கள் டாக்டரை எப்படிப் பிடிப்பது?
– ஈரோடு வாசகி

பெயரில் தொடங்கியதுதான் சிக்கல். எண்ணில் தொடங்குங்கள்.

கையில் இருக்கும் மருந்துச்சீட்டை எடுத்துப் பாருங்கள். மருத்துவர் தன் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணை கிளினிக்கிலும், மருந்துச்சீட்டு, சான்றிதழ், பண ரசீது ஆகியவற்றிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. 2023-ல் வந்த புதிய விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டதால் அந்தப் பழைய விதிகளே நடப்பில் உள்ளன. பெரிய ஆஸ்பத்திரிகளின் சீட்டில் பெரும்பாலும் டாக்டர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் வரவேற்பு மேஜையில் கேளுங்கள். விதிப்படி வெளியே தெரிய வேண்டிய எண்தான், கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

எண் கிடைத்ததும் ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டுத் தேடலில் பெயர்க் கட்டத்தை விட்டுவிட்டு, பதிவு எண்ணையும் மாநிலக் கவுன்சிலையும் சேர்த்துக் கொடுங்கள். மாநிலத்தை விட்டுவிட்டால் மறுபடி குழப்பம்தான். அந்த எண் ஒரு கவுன்சிலுக்குள் மட்டும்தான் தனித்தது. தமிழ்நாட்டில் ஒருவருக்கு இருக்கும் அதே எண் கர்நாடகத்தில் இன்னொருவருக்கு இருக்கலாம். பெங்களூரில் படித்து அங்கேயே பதிந்துவிட்டுப் பிறகு ஈரோட்டுக்கு வந்தவர் இரண்டு மாநிலங்களிலும் இரண்டு எண்ணோடு இருப்பதும் உண்டு. அவர் இரண்டு ஆள் இல்லை.

வரும் வரியில் விவரம் பார்க்கும் பொத்தானை அழுத்தினால் தந்தை பெயர், பதிவு தேதி, பட்டம், பட்டம் பெற்ற ஆண்டு, பல்கலைக்கழகம் எல்லாம் தெரியும். பெயரைத் தவிர இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். முதல் சோதனை ஆண்டு. 17, 18 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்து, ஹவுஸ் சர்ஜன் முடித்து, நிரந்தரப் பதிவு பெறும்போது பெரும்பாலானோருக்கு வயது 23, 24 ஆகியிருக்கும். உங்கள் டாக்டர் பார்க்க நாற்பது வயதுக்காரர், பதிவு ஆண்டு 1988 என்றால் அது வேறு செந்தில்குமார். இரண்டாவது சோதனை தந்தை பெயரின் முதலெழுத்து. பலகையில் 'கே.' என்று இருக்கிறது, பதிவேட்டில் தந்தை பெயர் பழனிசாமி என்றால் நின்று யோசியுங்கள்.

இங்கே பலர் தவறாக முடிவு கட்டும் இடம் ஒன்று இருக்கிறது. பலகையில் எம்.எஸ். எலும்பியல் என்று போட்டிருக்கும், தேசியப் பதிவேட்டில் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும் இருக்கும். உடனே போலி என்று சொல்லிவிடக் கூடாது. மேற்படிப்பை மாநிலக் கவுன்சிலில் தனியாகப் பதிய வேண்டும், அங்கிருந்து தேசியப் பதிவேட்டுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் தேடலில் அதே எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால், கூடுதல் பட்டப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லலாம். அதேபோல 2024 ஆகஸ்டில் தொடங்கிய புதிய தேசிய மருத்துவப் பதிவேட்டுத் தளத்தில் ஒருவர் பெயர் இல்லை என்பதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. அதில் மருத்துவர்கள் தாங்களாக விண்ணப்பித்து ஏற வேண்டும், ஏறாதவர்கள் நிறைய இருக்கிறார்கள்.


பதிவு எண் கிடைக்கவில்லை, பெயர் மட்டும்தான் தெரியும். எப்படித் தேடினாலும் "பதிவுகள் இல்லை" என்றே வருகிறது. ஆனால் அவர் இருபது வருடமாகத் தொழில் செய்கிறவர்.
– நாகர்கோவில் வாசகர்

ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் காரணமாக இருக்கும். நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்து கிடையாது. செந்திலை எடுத்துக்கொள்ளுங்கள். 'எஸ்' போட்டுத் தொடங்குகிறவர்கள் அதிகம், உங்கள் பக்கத்தில் 'சி-ஹெச்' போடுகிறவர்களும் உண்டு. நடுவில் வரும் 'தி'க்கு சிலர் டைகரில் வரும் டி, சிலர் டெல்லியில் வரும் டி. குமாரைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுகிறவர், இடைவெளி விடுகிறவர், எண் ஜோதிடம் பார்த்து ஒரு 'ஏ' கூட்டியவர் என்று போகும். கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு பெயர்கள்.

அதனால் முழுப்பெயரை அடிக்காதீர்கள். எழுத்து மாறாத துண்டை மட்டும் அடியுங்கள். கயல்விழி என்றால் 'கயல்' வரைக்கும் போதும். ழகரத்துக்கு 'இசட்-ஹெச்' போட்டாரா, வெறும் 'எல்' போட்டாரா என்ற தொல்லை அதற்கு அப்புறம்தான் வருகிறது. ஆனந்தி, வசந்தி, இளங்கோ, லட்சுமி போன்ற பெயர்களில் இரண்டு மூன்று வடிவத்தையும் போட்டுப் பார்க்காமல் "இல்லை" என்று சொல்லாதீர்கள். 'இளங்கோ' 'ஐ'யிலும் தொடங்கும், 'இ'யிலும் தொடங்கும். 'லட்சுமி'யில் 'எக்ஸ்' போட்டால் ஒரு கூட்டம், 'கே-எஸ்-ஹெச்' போட்டால் இன்னொரு கூட்டம். 'டாக்டர்' என்பதையும் இனிஷியலையும் புள்ளியையும் தேடல் கட்டத்தில் போடவே போடாதீர்கள். பல பதிவேடுகளில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும்.

இனிஷியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தப்பு அதிகம் நடப்பது அங்கேதான். தமிழில் அச்சான ஒரு செய்தியில் 'பி. செந்தில்குமார்' என்று இருந்தால், அது பழனிசாமியின் பி-யா, பாலுசாமியின் பி-யா? ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்து. 'டி. செந்தில்குமார்' என்றாலும் அப்படியே: தங்கவேலுவும் டி, துரைசாமியும் டி. தமிழிலிருந்து ஆங்கிலப் பதிவேட்டுக்குப் போகும்போது இரண்டு எழுத்தையும் தேடித்தான் ஆக வேண்டும்.

தமிழ் முறைப்படி எழுதினால் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் 'எஸ்' என்று போடுகிற நாலு பேரில் ஒருவரின் அப்பா சண்முகம், ஒருவருக்குச் சுப்பிரமணியன், ஒருவருக்குச் செல்வராஜ், ஒருவருக்குச் சிவசாமி. தமிழில் அவர்கள் ச., சு., செ., சி. என்று தனித்தனியாகப் பிரிந்துவிடுவார்கள். ஆனால் 'ப.' என்றால் மேலே சொன்ன பழனிசாமி, பாலுசாமி சங்கடம் பாதி தீரும், முழுதும் தீராது. பாலுசாமி 'பா.' ஆகிவிடுவார், பழனிசாமியும் பட்டாபிராமனும் 'ப.'வில் ஒட்டிக்கொள்வார்கள். இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணை போட்டது. அதனால் பழைய சான்றில் 'எஸ். கயல்விழி'யாக இருப்பவர் புதிய சான்றில் 'ச. கயல்விழி'யாக இருக்கலாம். அவரே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'கயல்விழி சண்முகம்' ஆகியிருப்பார், திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் எழுத்தைப் போட்டிருப்பார். நான்கு பெயர், ஒரே ஆள். மருத்துவப் பதிவேட்டில் பட்டம் வாங்கிய நாளின் பெயர்தான் பெரும்பாலும் நிற்கும், பெண்களைத் தேடும்போது இது முக்கியம்.


டாக்டர் என்று பலகை இருக்கிறது. நீங்கள் சொல்லும் பதிவேட்டில் எந்த வடிவத்திலும் பெயர் இல்லை. புகார் கொடுக்கலாமா?
– திருவண்ணாமலை வாசகர்

பொறுங்கள். அது ஆங்கில மருத்துவர்களின் பதிவேடு மட்டும். சித்த மருத்துவர் தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலில் இருப்பார், ஹோமியோபதிக்கும் பல் மருத்துவத்துக்கும் தனித்தனிக் கவுன்சில்கள் உண்டு, ஆயுர்வேதமும் யுனானியும் இந்திய மருத்துவ வாரியத்தில். கால்நடை மருத்துவருக்கும் தனிக் கவுன்சில். பலகையில் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டத்தின் எழுத்துகளைப் பாருங்கள், எந்தப் பதிவேடு என்று அதுவே சொல்லும். பட்டமே போடாமல் 'டாக்டர்' மட்டும் போட்டிருந்தால் கேட்கத்தான் வேண்டும்.


எண் பதிவேட்டில் இருக்கிறது, பெயரும் சரி. ஆனால் அந்த எண்ணுக்குரியவர் இவர்தான் என்று எப்படி நம்புவது? அதே பெயருள்ள இன்னொருவரின் எண்ணைப் போட்டுக்கொண்டால்?
– விழுப்புரம் வாசகர்

நியாயமான கேள்வி. பொதுவான பெயர் இருப்பவர்தான் இந்த மோசடிக்கு வசதியானவர், ஏனென்றால் பதிவேட்டில் தேடினால் பொருத்தமான வரி ஒன்று கட்டாயம் கிடைக்கும்.

மூன்று இடத்தில் பிடிபடும். ஒன்று வயது: மேலே சொன்ன பதிவு ஆண்டுக் கணக்கு. இரண்டு கல்லூரி: "நீங்கள் எந்தக் காலேஜ், எந்த பேட்ச்?" என்று சாதாரணமாகக் கேட்கிற கேள்விக்கு வரும் பதில் பதிவேட்டின் பல்கலைக்கழகத்தோடும் ஆண்டோடும் ஒட்ட வேண்டும். மூன்றாவதுதான் வலுவானது. தமிழ்நாட்டில் கிளினிக்குகளும் 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டத்தின்படி பதிவு பெற வேண்டும். அந்தச் சான்று சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அதில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். அங்கே வேலை செய்யும் மருத்துவரின் விவரத்தை விண்ணப்பத்தோடு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்திருப்பார்கள்.

சந்தேகம் வலுத்தால் புகாரும் அந்த இணை இயக்குநருக்குத்தான், நகல் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு. மருந்துச்சீட்டின் இரண்டு பக்க நகல், பலகையின் படம், பதிவேட்டின் பக்கம் மூன்றையும் இணையுங்கள். "போலி டாக்டர்" என்று எழுதாதீர்கள். "இந்த எண்ணுக்குரியவரும் இங்கே மருத்துவம் பார்ப்பவரும் ஒருவரே எனச் சரிபார்க்கக் கேட்கிறேன்" என்று எழுதுங்கள். தப்பாகப் போனாலும் உங்கள் மீது அவதூறு திரும்பாது. பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.


நிலத் தகராறுக்கு ஒரு வக்கீலைப் பார்த்தோம். நீதிமன்ற வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் நூற்றுக்கணக்கான வழக்கு வருகிறது. எல்லாம் அவருடையதா?
– திண்டுக்கல் வாசகர்

இருக்காது. வக்கீல் பெயரில் தேடினால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்தப் பெயருள்ள அத்தனை வக்கீல்களின் வழக்கும் கலந்து வரும். அதே பக்கத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே 'பார் கோடு' என்று ஒரு தெரிவு இருக்கிறது. கடையில் சோப்பு மேல் இருக்கும் பார்கோடு இல்லை, பார் கவுன்சில் பதிவு எண். மாநிலக் குறி, எண், ஆண்டு என்று மூன்று கட்டம். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிந்தவர்களுக்கு 'எம்.எஸ்.' என்று தொடங்கி, எண்ணும் பதிந்த ஆண்டும் வரும். எம்.எஸ். என்பது மெட்ராஸ், திருமதி அல்ல. வக்காலத்து நாமாவில் கையெழுத்துக்கு அருகில் இந்த எண்ணை எழுதுவார்கள், அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணில் தேடினால் எதிர்ப்பக்கமாக ஒரு குறை வரும். வழக்கு பதியும்போது பெயரை மட்டும் தட்டச்சு செய்து எண்ணை விட்டிருந்தால் அந்த வழக்கு இந்தத் தேடலில் விழாது. ஆகவே பெயரில் தேடினால் கூடுதலாகவும் எண்ணில் தேடினால் குறைவாகவும் வரும், உண்மை நடுவில் எங்கோ இருக்கும். வழக்குகளின் எண்ணிக்கையை வைத்து வக்கீலை எடைபோடுவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். அவர் உங்கள் மாதிரியான வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று பார்க்க மட்டும் இந்தப் பட்டியல் உதவும்.

இன்னொன்று: வழக்கின் தரப்பினர் பெயரிலும் தேடலாம் என்பதால், வக்கீலின் பெயர் குற்றம் சாட்டப்பட்டவராக வந்ததைப் பார்த்து அதிர்ச்சியடைந்து எழுதுகிறவர்கள் உண்டு. தரப்பினர் பட்டியலில் வெறும் பெயர்தான் இருக்கும். உத்தரவு நகலைத் திறந்து தந்தை பெயர், வயது, கிராமம் மூன்றையும் பார்க்காமல் யாரிடமும் பேச வேண்டாம்.


ஒரு நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர இருக்கிறேன். அங்கே கொடுத்த ஆடிட்டர் சான்றிதழில் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அதே பெயரில் ஆறேழு ஆடிட்டர்கள் இருப்பதாகத் தெரிகிறது.
– கோயம்புத்தூர் வாசகர்

தொழில் பதிவுகளில் பெயர்க் குழப்பத்தை ஏறக்குறைய முழுசாகத் தீர்த்துவிட்டவர்கள் ஆடிட்டர்கள்தான். 2019 பிப்ரவரி 1 முதல் பட்டயக் கணக்காளர் தரும் எல்லாச் சான்றிதழுக்கும் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் கட்டாயம். அதே ஆண்டு ஏப்ரலில் வரித் தணிக்கையும் ஜூலையில் மற்றத் தணிக்கைகளும் சேர்ந்தன.

எண்ணைப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு: 2025-ல் கையெழுத்தானால் 25. அடுத்த ஆறு இலக்கம் ஆடிட்டரின் உறுப்பினர் எண். ஐந்து இலக்கம் உள்ள பழைய உறுப்பினர் என்றால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்திருப்பார்கள். கடைசிப் பத்தும் கணினி தானாகக் கொடுத்த எழுத்தும் எண்ணும். ஆக, முத்திரையில் இருக்கும் உறுப்பினர் எண்ணும் இந்த நடு ஆறு இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு இணையம்கூட வேண்டாம், கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் பட்டயக் கணக்காளர் கழகத்தின் யு.டி.ஐ.என். தளத்தில் சரிபார்ப்புப் பக்கத்தில் எண்ணைப் போடுங்கள். ஆடிட்டர் பெயரோடு, எந்த வகைச் சான்று, என்ன தேதி, அதில் குறிப்பிட்ட முக்கியத் தொகைகள் என்ன என்பதும் வரும். பலர் 'எண் செல்லும்' என்று வந்ததுமே மூடிவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். நிகர மதிப்புச் சான்றுக்கு வாங்கிய எண்ணை வேறொரு விற்றுமுதல் சான்றில் ஒட்டலாம், 40 லட்சத்துக்கு வாங்கியதை 4 கோடி தாளில் எழுதலாம். தொகையை ஒப்பிடுங்கள். எண் ரத்தாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.


எனக்குக் கடன் தர வந்த வங்கி, "தகுதியிழந்த இயக்குநர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது" என்று நிறுத்திவிட்டது. நான் எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருந்ததே இல்லை.
– திருப்பூர் வாசகர்

மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனிகளின் இயக்குநர்கள், கம்பெனிச் சட்டத்தின் 164(2) பிரிவின்படி ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2017-ல் அப்படி நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய பட்டியலில் நம் ஊர்ப் பெயர் எதைத் தேடினாலும் விழும். வங்கியில் யாரோ கன்ட்ரோல்-எஃப் தட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டி.ஐ.என். எனப்படும் 8 இலக்க இயக்குநர் எண் இருக்கும். ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒரே எண்தான், இரண்டு வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அது பான் எண்ணோடு கட்டப்பட்டது. ஆகவே வங்கிக்கு வாய்மொழியாக விளக்காமல் எழுத்தில் கொடுங்கள்: "நீங்கள் பொருத்திய நபரின் டி.ஐ.என். என்ன, அதற்குரிய பான் என்னுடைய பான்தானா என்று தெரிவிக்கவும். எனக்கு டி.ஐ.என். ஒதுக்கப்பட்டதில்லை." இவ்வளவு போதும். கூடவே உங்கள் பான் நகலும், தந்தை பெயரும் பிறந்த தேதியும் உள்ள ஒரு ஆவணமும். பதில் வராவிட்டால் வங்கியின் குறைதீர் அதிகாரி, அங்கும் 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் பான் எண்ணிலேயே ஒரு டி.ஐ.என். இருப்பதாக அவர்கள் காட்டினால் விஷயம் வேறு. எங்கோ நீங்கள் கொடுத்த ஆவணத்தை வைத்து உங்களையே இயக்குநராக்கியிருக்கிறார்கள். அது பெயர்க் குழப்பம் இல்லை, போலீஸ் புகாரும் கம்பெனிப் பதிவாளருக்கு மனுவும் தேவைப்படும் காரியம்.


முனைவர் பட்டம் முடித்து ஏழு கட்டுரை வெளியிட்டிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக் காட்டும் கூகுள் ஸ்காலரில் என் பக்கத்தில் நான் எழுதாத வேதியியல் கட்டுரைகள் இருக்கின்றன. அதே மாதிரித் தளமான ஸ்கோப்பஸில் நான் இரண்டு ஆளாக இருக்கிறேன். வேலைக்கான நேர்காணல் வருகிறது.
– மதுரை வாசகி

ஆய்விதழ்கள் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். முதல் கட்டுரையில் 'எஸ். கயல்விழி' என்று போட்டிருப்பீர்கள். அடுத்ததில் இணையப் படிவம் ஒற்றை எழுத்தை ஏற்காததால் 'கயல்விழி சண்முகம்'. அது மேற்கோளில் 'சண்முகம், கே.' ஆகிவிடும். ஸ்கோப்பஸ் உங்களை இரண்டாக வெட்டியது இப்படித்தான். 'சண்முகம், கே.' என்ற பெயரில் கந்தசாமி சண்முகங்களும் கார்த்திக் சண்முகங்களும் உலகெங்கும் எழுதிக்கொண்டிருப்பதால் வேதியியல் வந்து ஒட்டிக்கொண்டது. சீன ஆய்வாளர்களுக்கு இந்தத் தொல்லை நம்மைவிட அதிகம். அமெரிக்க இயற்பியல் கழகம் 2007 இறுதியில் அதன் இதழ்களில் சீன, ஜப்பானிய, கொரிய எழுத்திலும் பெயரைச் சேர்த்துப் போட அனுமதித்ததே இதற்காகத்தான்.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே:

முதலில் ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண். 2012 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம், பத்து நிமிட வேலை. 16 இலக்கம், கடைசி இடம் சரிபார்ப்புக்கானது, அதில் 'எக்ஸ்' என்ற எழுத்து வந்தால் தவறு என்று நினைக்காதீர்கள். பதியும்போது 'வேறு பெயர்கள்' என்ற பகுதியில் இதுவரை அச்சான எல்லா வடிவத்தையும் போடுங்கள், தமிழ் எழுத்திலும் சேர்த்து. பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் கட்டாயம் இணையுங்கள். படிப்பு முடிந்து கல்லூரி மின்னஞ்சல் மூடிய பிறகு கணக்குக்குள் நுழைய முடியாமல் இரண்டாவது எண் வாங்கி, மறுபடி இரண்டு ஆளாகிறவர்கள் நிறைய.

அடுத்து ஏழு கட்டுரைகளையும் டி.ஓ.ஐ. (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி எண்) கொடுத்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். பெயரில் தேடி மொத்தமாக 'சேர்' என்று அழுத்தினால் வேதியியல் இங்கேயும் வந்துவிடும்.

பிறகு ஸ்கோப்பஸில் ஆசிரியர் திருத்தப் படிவம். அதில் இரண்டு சுயவிவரத்தையும் தேர்ந்தெடுத்து இணைக்கக் கேளுங்கள், விரும்பும் பெயர் வடிவத்தைச் சொல்லுங்கள், உங்களுடையது அல்லாத கட்டுரையை நீக்கக் குறியுங்கள். திருத்தம் உடனே தெரியாது. நேர்காணலுக்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

கூகுள் ஸ்காலரில் தவறான கட்டுரையைத் தேர்ந்து நீக்குவது எளிது. ஆனால் அமைப்புகளில் 'கட்டுரைகளைத் தானாகச் சேர்' என்பதை 'என்னிடம் கேட்டுச் சேர்' என்று மாற்றாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வந்து உட்காரும். அடுத்தவர் கட்டுரை உங்கள் பக்கத்தில் இருப்பதை நேர்காணல் குழு 'கணினியின் தவறு' என்று எடுத்துக்கொள்ளாது, எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் இதை முதலில் செய்தாலும் சரி. இன்ஃப்லிப்நெட் நடத்தும் ஆய்வாளர் விவரத் தளமான வித்வானில் பக்கம் இருந்தால் அங்கும் ஆர்கிட் எண்ணைச் சேருங்கள்.

இனி வரும் கட்டுரை எல்லாவற்றிலும் ஒரே வடிவம். எந்த வடிவம் என்று கேட்டால், இனிஷியலை விரித்து எழுதுவதையே சொல்வோம். அரிதான பெயர் என்றால் எப்படிப் போட்டாலும் தெரியும், குமாருக்கும் செல்விக்கும் விரிவு வேண்டும். திருமணத்தின்போது மாற்றாதீர்கள்.


தேர்தலில் ஒரே பெயரில் பலர் நின்றால் யாருடைய சொத்து விவரம் எது என்று எப்படித் தெரியும்?
– ராமநாதபுரம் வாசகர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அங்கே சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரும் அதே 'ஓ'வும் கொண்ட வேறு சிலரும் நின்றார்கள். இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஒரே பெயர் இருந்தால் தொழில், வசிப்பிடம் அல்லது வேறு ஏதாவது ஒன்றைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்று 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 22-வது விதியே சொல்கிறது. சொத்து விவரம் இருக்கும் படிவம் 26-ல் தந்தை பெயர், வயதோடு வாக்காளர் பட்டியலின் பாக எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்குள் அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து ஒரே நபருக்குத்தான்.


என் பெயரும் இன்னொரு மருத்துவரின் பெயரும் ஒன்று, இனிஷியலும் ஒன்று. அவர் மீது கவுன்சில் நடவடிக்கை எடுத்த செய்தி வந்ததிலிருந்து என் நோயாளிகள் கேட்கிறார்கள்.
– தஞ்சாவூர் மருத்துவர்

மூன்று காரியம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில், உங்கள் மீது நடவடிக்கை இல்லை என்று சொல்லும் 'குட் ஸ்டாண்டிங்' சான்று வாங்கி வரவேற்பறையில் மாட்டுங்கள். வெளிநாடு போகிறவர்கள் வாங்குவது என்று நினைக்கிறார்கள், உங்களுக்கும் அது பயன்படும். செய்தி வெளியிட்ட பத்திரிகைக்கு, 'நடவடிக்கைக்கு உள்ளானவரின் பதிவு எண்ணையும் ஊரையும் சேர்த்துத் திருத்தம் வெளியிடவும்' என்று எழுதுங்கள். அவர்கள் செய்தி உண்மையாக இருந்தாலும் அடையாளம் குறைவாக இருந்ததால்தான் உங்களுக்குச் சேதம், அதை மட்டும் சுட்டுங்கள். கூகுள் மேப்ஸில் கிளினிக் பெயரோடு பட்டத்தையும் தெருவையும் சேருங்கள். தவறி விழுந்த விமர்சனங்களுக்கு, 'இந்தப் பெயரில் வேறு மருத்துவர் இருக்கிறார், இந்த கிளினிக்குக்கு நீங்கள் வந்ததாகப் பதிவு இல்லை' என்று ஒரே ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு, நீக்கச் சொல்லி அறிக்கை செய்யுங்கள். அந்த இன்னொருவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.


சுருக்கமாக: வீடு கட்ட ஆர்க்கிடெக்ட், மனை வாங்க ஏஜென்ட், பணம் போட ஆலோசகர். இவர்களிடம் எந்த எண்ணைக் கேட்க வேண்டும்?
– செங்கல்பட்டு வாசகி

ஆர்க்கிடெக்டிடம் கட்டடக்கலைக் கவுன்சில் எண். 'சி.ஏ.' என்று தொடங்கி, ஆண்டும் எண்ணும் வரும். அந்த சி.ஏ. ஆடிட்டர் இல்லை, கவுன்சிலின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். மனை ஏஜென்டிடம் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண். ஐந்தாண்டுக்குத்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். கூலிக்கு முதலீட்டு ஆலோசனை சொல்கிறவரிடம் செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) எண், 'ஐ.என்.ஏ.' என்று தொடங்கி ஒன்பது இலக்கம். மியூச்சுவல் ஃபண்ட் விற்கிறவர் என்றால் ஏ.ஆர்.என். என்ற விற்பனையாளர் பதிவு எண், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. நான்கையும் அந்தந்த அமைப்பின் தளத்தில் எண்ணைப் போட்டே தேடுங்கள். வரும் பெயர் அவருடையதாக இல்லாமல் அவர் முதலாளியுடையதாக இருந்தால், கையெழுத்துப் போடப் போவது யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.